லிப்ட் நின்ற நாற்பது நிமிடங்கள்: மாப்பிள்ளைக்கு ஒரு விளக்கம்

மரியாதைக்குரிய மாப்பிள்ளைக்கு,

உங்கள் மாமனார் எழுதுவது. இங்கே நான் நலம் என்று ஆரம்பிக்கத்தான் பேனாவை எடுத்தேன். காலையில் பார்த்த இரத்த அழுத்தம் நூற்றறுபத்தெட்டு இருந்ததால் அந்த வரியை விட்டுவிடுகிறேன். நீங்களாவது நலமாக இருங்கள். பாலம் வேலையில் உயரத்தில் ஏறும்போது இடுப்புப் பட்டையைக் கட்டிக்கொள்ளுங்கள், கட்டிய பிறகு ஒரு தடவை இழுத்தும் பாருங்கள். உங்கள் அத்தை ஊரில் மருத்துவமனை வேலையும் தானுமாகச் சௌக்கியமாக இருக்கிறாள். இங்கே நடந்த எதுவும் அவளுக்குத் தெரியாது. தெரியாமலே இருக்கட்டும்.

தினமும் சாயங்காலம் நீங்கள் போன் செய்யும்போது "எல்லாம் நல்லா இருக்கு மாப்பிள்ளை" என்று சொல்லிவிட்டுப் போனை மகளிடம் நீட்டியவன் நான்தான். அது பொய். உண்மையைப் போனில் சொல்லலாம் என்றால், உங்கள் வீட்டில் சமையலறையில் முணுமுணுத்தால் குளியலறையில் எதிரொலிக்கிறது. மாடிக்குப் போய்ப் பேசலாம் என்றால் நான் படியேறும் ஓசையிலேயே "எங்கப்பா போறீங்க?" என்று கேட்டுவிடுவாள். அதனால்தான் கடிதம். செவ்வாய்க்கிழமை நான் ஒரு காரியம் செய்துவிட்டேன். உங்கள் மனைவி என்னோடு பேசி இன்றோடு இரண்டு நாள் ஆகிறது. "சாப்பாடு போதும்" என்ற இரண்டு சொல்லைப் பேச்சு என்று கணக்கில் எடுத்துக்கொள்ள என்னால் முடியவில்லை.

முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன். நீங்கள் பாலம் கட்டப் போனபிறகு அவள் வேளைக்குச் சாப்பிடுவதில்லை என்று உங்கள் அத்தை என்னை இங்கே அனுப்பினாள். வரும் பதினான்காம் தேதி அவள் தன் ஐந்து வருட ஆராய்ச்சியை டாக்டர் பட்டத்துக்காகப் பேராசிரியர்கள் குழுவின் முன்னால் வைக்க வேண்டும். இரண்டு முறை காலம் நீட்டிக் கொடுத்தாகிவிட்டது, மூன்றாம் முறை கிடையாது என்று எழுத்திலேயே கொடுத்திருக்கிறார்கள். ஆகவே மதியச் சாப்பாட்டை டப்பாவில் போட்டு அவள் ஆய்வுக்கூடத்துக்கு எடுத்துப் போவது என் வேலையாயிற்று. அவள் கைகழுவி வருவதற்குள் திரையில் ஓடுவதைப் பார்ப்பேன். பார்த்தால் கேட்பேன். கேட்டால் சொல்வாள். அவளோடு நாலு வருடம் குடும்பம் நடத்தும் உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை, ஆனாலும் நான் என்ன புரிந்துகொண்டேன் என்று தெரிந்தால்தான் நான் ஏன் இப்படிச் செய்தேன் என்பது உங்களுக்குப் புரியும்.

வைரஸ் என்பது தன்னைத்தானே நகல் எடுப்பதைத் தவிர வேறு வேலை தெரியாத ஜந்து. அதன் சரக்கெல்லாம் ஆர்.என்.ஏ. என்ற ஒரே நூலில் இருக்கிறது. சிலதுக்கு அந்த நூலில் முப்பதாயிரம் எழுத்து. பாலிமரேஸ் என்ற ஒரு பொறி அந்த நூலைக் கவ்விக்கொண்டு எழுத்து எழுத்தாக நகர்ந்து, பொருத்தமான எழுத்தைக் கோத்துப் புது நூல் செய்கிறது. பாதி வழியில் பிடி விட்டால் நகல் வீண். ஆகவே முப்பதாயிரம் எழுத்தையும் பிடி விடாமல் அது எப்படிக் கடந்து போகிறது, எங்கெங்கே நிற்கிறது, நின்றால் எப்படி மறுபடி கிளம்புகிறது என்பதுதான் நம் வீட்டுப் பெண்ணின் ஐந்து வருடம். நிற்கும் இடம் தெரிந்தால் அங்கேயே நிறுத்திவைக்க மருந்து செய்யலாமாம். இதுவரை எனக்குச் சந்தோஷம்தான். இடையிலே உதவிக்கு வேறு சில புரதங்கள் வந்து, வெளியே வரும் நூலை நீளமான இரண்டு கைகளால் அணைத்துப் பிடித்துக்கொள்கின்றன என்று சொன்னபோது, லிப்ட் கேபின் இரண்டு பக்கமும் தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டு போவதுபோல என்று சொல்லிப் பாராட்டுகூட வாங்கினேன். அப்புறம் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "சரி பாப்பா, மோட்டார் எங்கே இருக்கு?" என்று கேட்டுவிட்டேன்.

"அதுக்கு மோட்டாரே கிடையாதுப்பா" என்றாள். "சூட்டுல எல்லாமே ஆடிக்கிட்டுதானே இருக்கும். இதுவும் ஒரு எழுத்து முன்னால போகும், ஒரு எழுத்து பின்னால வரும். முன்னால போயிருக்கிற நேரமாப் பார்த்து அடுத்த எழுத்து வந்து உட்கார்ந்துட்டா, திரும்பி வர இடம் இருக்காது. அவ்வளவுதான்."

மாப்பிள்ளை, முப்பத்துநாலு வருடம் லிப்ட் மெக்கானிக்காக இருந்தவன் நான். கேபின் இரண்டு அங்குலம் பின்னால் சரிந்ததற்கு மூன்று பக்கம் அறிக்கை எழுதி, நாலாவது பக்கத்தில் படம் வரைந்து கொடுத்தவன். முன்னும் பின்னும் ஆடிக்கொண்டே இருக்கும், மோட்டார் கிடையாது, ஆனால் முப்பதாயிரம் மாடி ஏறிவிடும் என்று என் மகளே சொன்னால் எனக்கு எப்படி இருக்கும்? அன்று சாப்பாடு இறங்கவில்லை. யாராவது இதை ஒரு தடவை சரியாகச் சோதித்தார்களா என்ற எண்ணம் அன்றைக்குத்தான் என் மண்டைக்குள் புகுந்தது.

சோதிக்கும் முறையையும் பார்த்தேன். நூலின் ஒரு முனையைக் கண்ணாடித் தட்டில் ஒட்டி, மறுமுனையில் கண்ணுக்குத் தெரியாத ஒரு சின்ன உருண்டையைக் கட்டி, மேலே காந்தத்தை வைத்து மெல்ல இழுத்துப் பிடித்திருக்கிறார்கள். பாலிமரேஸ் நகர நகர உருண்டை மயிரிழை மயிரிழையாக ஏறும், திரையில் கோடு படிக்கட்டாக ஏறும். அது நிற்கும் இடத்தில் கோடு தட்டையாகும். ஒரு மணி நேரத் தாளில் பதினேழு தட்டை. "இந்தத் தட்டைங்கதான் என்னோட ஆராய்ச்சிப்பா" என்று அவள் பெருமையோடு விரல் வைத்துக் காட்டிய அதே நொடியில் என் உள்ளங்காலில் ஒரு நடுக்கம் தெரிந்தது. ஆய்வுக்கூடச் சுவருக்கு அந்தப் பக்கம் லிப்ட். பழைய லிப்ட். இரண்டாம் மாடியில் நிற்கும்போது பிரேக் கவ்வாமல் கொஞ்சம் இழுத்துக்கொண்டு போய் நிற்கிறது. மற்றவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். மயிரிழை அளக்கும் உருண்டைக்குத் தெரியாமல் இருக்குமா?

இதை அந்த நிமிடமே அவளிடம் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. கேட்டு, ஆமாம் என்றாகிவிட்டால்? ஐந்து வருடம் அவள் கண்டுபிடித்தது வைரஸின் சுபாவம் அல்ல, ஒரு பிரேக் கட்டையின் தேய்மானம் என்றாகிவிட்டால்? பதினான்காம் தேதிக்கு மூன்று வாரம் இருக்கும்போது இதை எந்த வாயால் சொல்வது? சொல்லாமல் விட்டால், குழுவில் யாராவது ஒருவர் சொல்லிவிட்டால்? ஆகவே நான் ஒரு நோட்டு வாங்கினேன். மூன்று நாள் நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்து லிப்ட் ஓடும் நேரத்தை நிமிடத்தோடு குறித்தேன். அவள் சாப்பாட்டு மேசையில் விட்டுப்போன அதே நாட்களின் தாள்களை எடுத்து ஒப்பிட்டேன். அதிலும் ஒரு தாளில் பதினேழு தட்டை, பதினேழில் பதினொன்று பொருந்தியது. அன்றைக்குக் காயில் இரண்டு தடவை உப்புப் போட்டது இதனால்தான். வயதாகிவிட்டது என்று அவள் உங்களிடம் போனில் சொன்னது என் காதிலும் விழுந்தது.

பிறகு என்னால் சும்மா உட்கார முடியவில்லை. அவள் கருவியை ஓடவிடும் நேரங்களில் லிப்ட் வாசலில் நின்று, வருகிறவர்களிடம் படியில் ஏறினால் முழங்காலுக்கு நல்லது, இதயத்துக்கு நல்லது என்று சொல்லிப் பார்த்தேன். சிலர் ஏறினார்கள். அலுவலகக் குமாஸ்தா அம்மா ஒருவர் என்னை டாக்டர் என்றே முடிவுகட்டி, தினமும் மருந்துச் சீட்டோடு வர ஆரம்பித்தார். வாயு உருளைகளைத் தள்ளுவண்டியில் கொண்டுவருபவர் மட்டும் "நீங்க முதல்ல இதைத் தூக்கிட்டு ஒரு மாடி ஏறிக் காட்டுங்க பெரியவரே" என்று சொல்லிவிட்டு லிப்டுக்குள் போய்விட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது.

கட்டடத்தைக் கவனித்துக்கொள்ளும் சூப்பர்வைசர் நல்ல மனிதர். நான் யார் என்று தெரிந்ததும், மேலே மெஷின் அறையில் ஒரு சத்தம் வருகிறது, நேரமிருந்தால் பாருங்கள் என்று சாவியைக் கையில் கொடுத்தார். குரங்கு கையில் பூமாலை என்று உங்கள் அத்தை கேட்டால் சொல்வாள். செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு அவளுக்குக் கடைசி ஓட்டம். அரும்பாடுபட்டுச் சுத்தம் செய்த பாலிமரேஸ் இன்னும் ஒரே ஒரு தடவைக்குத்தான் மிச்சம். இது போனால் பதினான்காம் தேதிக்கு முன் வேறு கிடையாது. நான் முடிவெடுத்தேன். அந்த ஒரு மணி நேரம் லிப்டை நிறுத்திவிடுவது. தட்டைகள் காணாமல் போனால் அவளிடம் உண்மையைச் சொல்லிக் காலில் விழுவது. இருந்தால் யாரிடமும் மூச்சுவிடாமல் நோட்டைக் கிழித்துப்போடுவது. ஒவ்வொரு மாடியிலும் "பராமரிப்பு வேலை நடக்கிறது" என்று அட்டை எழுதித் தொங்கவிட்டேன். தரைத்தளத்து அபாய மணி தவறிப்போய் அடித்து அதிர்ச்சி உண்டாக்கிவிடப் போகிறதே என்று அதையும் என் துண்டால் நன்றாகச் சுற்றிக் கட்டினேன். சரியாகப் பதினோரு மணிக்கு மெயினை இறக்கினேன். இத்தனையும் யோசித்தவன், முப்பத்துநாலு வருடம் மற்றவர்களிடம் தொண்டை கிழியக் கத்திய ஒன்றை மறந்துவிட்டேன். மெயினை இறக்கும் முன் கேபினுக்குள் ஆள் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

உள்ளே மேடம் இருந்தார். அவளுடைய மேடம்தான், மாப்பிள்ளை. ஆராய்ச்சிக்கு வழிகாட்டும் பேராசிரியை. முழங்கால் வலிக்காரர், ஆகவே என் உபதேசத்தை மதிக்காமல் லிப்டிலேயே போகிறவர். கையிலிருந்த தாள்களைப் படித்தபடி, அட்டையைக் கவனிக்காமல் மூன்றாம் மாடியிலிருந்து இறங்கியவர் முதல் மாடிக்கும் இரண்டாம் மாடிக்கும் நடுவே நின்றுவிட்டார். உள்ளே போனுக்கு சிக்னல் கிடைக்காது. மணியை அழுத்தினால் என் துண்டுக்குள்ளேயே முனகி அடங்கியிருக்கிறது. நானோ மேலே மெஷின் அறையில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, கீழே என் மகளின் கோடு நிற்காமல் போகிறதா என்று மனதுக்குள் ஏங்கிக்கொண்டிருந்தேன். நாற்பது நிமிடம் கழித்துத் தண்ணீர் குடிக்கப் படியிறங்கினபோதுதான் கதவுக்குப் பின்னால் யாரோ பொறுமையாகத் தட்டுவது கேட்டது.

மேலே ஓடினேன். மெயினைப் போட்டேன். ஃப்யூஸ் போயிற்று. வேறு வழி இல்லை, பிரேக்கைக் கையால் விடுவித்துத்தான் கேபினை நகர்த்த வேண்டும். சூப்பர்வைசரை இரண்டாம் மாடியில் நிறுத்தி, தளம் சமமானதும் கத்தச் சொன்னேன். நெம்புகோலைக் கொஞ்சமாக இறக்கினால் பிரேக் விடும், மறுபக்கம் தொங்கும் எடை கனம் என்பதால் கேபின் தானாகவே மேலே ஊர்ந்து வரும். கையை எடுத்தால் பிரேக் கவ்வும், திரும்பிக் கீழே போகாது. விட்டேன், வந்தது. எடுத்தேன், நின்றது. மோட்டார் இல்லை, மின்சாரம் இல்லை. நாலு நாலு அங்குலமாக ஒரு பேராசிரியையை மேலே கொண்டுவந்துகொண்டிருக்கும்போதுதான் பாப்பா சொன்னது எனக்குப் புரிந்தது. அது வெறுமனே ஆடுவதில்லை, மாப்பிள்ளை. ஆடும்போது கிடைக்கிற முன்னடியைத் திருப்பிக் கொடுப்பதில்லை. புரிந்துகொள்வதற்கு நான் தேர்ந்தெடுத்த நேரம்தான் சரியில்லை.

கதவு திறந்தது. மேடம் கேபின் தரையில் கால் நீட்டி உட்கார்ந்து, போன் வெளிச்சத்தில் நம் பெண்ணின் ஆய்வேட்டில் ஒரு அத்தியாயத்தைத் திருத்தி முடித்திருந்தார். கோபப்படவில்லை. இப்படி அமைதியாக உட்கார்ந்து படிக்க இந்த வருடத்தில் முதல் முறையாக நேரம் கிடைத்தது என்றார். ஆனால் எழுந்து நின்றதும் அட்டையைப் பார்த்தார், என் கையில் இருந்த கரியைப் பார்த்தார், எதற்காக என்று கேட்டார். அவர் திட்டியிருந்தால் நான் வாயை மூடிக்கொண்டிருப்பேன். மரியாதையாகக் கேட்டதால் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். பிரேக் கட்டை, உள்ளங்கால், பதினேழில் பதினொன்று, எல்லாம். நோட்டை எடுத்துப் பக்கம் பக்கமாகக் காட்டினேன். காட்டி முடித்துத் திரும்பினால், படிக்கட்டில் உங்கள் மனைவி நிற்கிறாள்.

அவள் எவ்வளவு நேரமாக அங்கே நின்றாள் என்று தெரியவில்லை. வந்து நோட்டை வாங்கி இரண்டு பக்கம் புரட்டினாள்.

"எத்தனை நாளா இதை எழுதி வெச்சிருக்கீங்க?" என்றாள்.

பத்து நாளாக என்றேன். நோட்டை என் கையிலேயே கொடுத்துவிட்டுக் கீழே போய்விட்டாள். மேடம் மட்டும், வெள்ளிக்கிழமைக்குள் அந்த ஒரு மணி நேரப் பதிவைப் பார்த்துவிட்டுப் பேசலாம் என்று அவள் முதுகைப் பார்த்துச் சொன்னார்.

அன்றிலிருந்து வீட்டில் கரண்டி விழுந்தால்கூட எனக்குத் தூக்கிவாரிப் போடுகிறது. அவள் சாப்பிடுகிறாள், போகிறாள், வருகிறாள், கணினி முன்னால் உட்கார்கிறாள். அழுதாளா என்று பார்க்க முகத்தைப் பார்த்தால், முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்கிறாள். எனக்கு ஒன்றுதான் பயம். தட்டை இருந்ததா இல்லையா என்பதுகூட இப்போது இரண்டாம் பட்சம். பெற்ற அப்பனே எனக்கு எதிராகக் கணக்கெடுத்து மேடத்திடம் கொடுத்தான் என்று அவள் மனதில் விழுந்துவிட்டால் அதை எப்படி எடுப்பது? ஆகவே உங்களை நான் இரண்டு கையும் கூப்பிக் கேட்கிறேன். பாலம் பத்து நாள் காத்திருக்கும். விடுப்புப் போட்டுவிட்டு பதின்மூன்றாம் தேதிக்குள் வந்து சேருங்கள். நீங்கள் பக்கத்தில் இருந்தால் அவள் தாங்குவாள். நான் சொன்னதாக மட்டும் சொல்ல வேண்டாம். தற்செயலாக வந்ததுபோல் வாருங்கள்.

நீங்கள் ஏறுகிற உயரத்திலிருந்தெல்லாம் பத்திரமாக இறங்கிவர என் ஆசிகள். உடன் வேலை செய்கிறவர்களுக்கும் அவர்கள் வீட்டாருக்கும் என் விசாரிப்புகள்.

இப்படிக்கு,
உங்கள் நலத்தையே சதா நினைத்துக்கொண்டிருக்கும் மாமனார்

பின்குறிப்பு: வெள்ளிக்கிழமை காலை. மேலே எழுதியது எதையும் நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம். விடுப்பும் வேண்டாம், வரவும் வேண்டாம். அஞ்சல்தலை எங்கே இருக்கிறது என்று அவளிடமே கேட்டுத் தொலைத்தேன். கையை நீட்டினாள். கொடுத்துவிட்டேன். நின்றபடியே எல்லாப் பக்கத்தையும் படித்தாள். இத்தனையும் திரும்ப எழுத எனக்குத் தெம்பில்லாததால் அப்படியே அனுப்புகிறேன்.

அந்தக் கண்ணாடித் தட்டிலேயே நகராமல் ஒட்டிவைத்த இன்னொரு உருண்டை உண்டாம். கட்டடம் ஆடினால் இரண்டும் சேர்ந்து ஆடும், அந்த ஆட்டத்தை இதிலிருந்து கழித்துவிட்டுத்தான் கோடு வரைகிறார்கள். முதல் வருடமே அந்த லிப்டுக்காகத்தான் அவள் அதைப் பலமுறை சரிபார்த்தாளாம். என் நோட்டைப் பற்றி, லிப்ட் மணிக்கு எத்தனை தடவை ஓடுகிறது என்று மட்டும் கேட்டாள். நாற்பது என்றேன். அப்படியானால் அவள் தும்மிய நேரத்தைக் குறித்தாலும் லிப்டோடு பொருந்தும் என்றாள். செவ்வாய்க்கிழமை லிப்ட் செத்துக்கிடந்த நாற்பது நிமிடத்தில் அது பன்னிரண்டு இடத்தில் நின்றிருக்கிறது. பன்னிரண்டு தடவையும் யாரும் தள்ளாமல் கிளம்பியிருக்கிறது. இதையெல்லாம் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது.

"பத்து நாள் தனியா பயந்துக்கிட்டு இருந்திருக்கீங்க. நான் சரிபார்த்திருப்பேன்னு உங்களுக்கு ஒரு தடவைகூடத் தோணலையாப்பா?"

தோன்றவில்லை, மாப்பிள்ளை. முப்பத்துநாலு வருடம் முன்பின் தெரியாத ஜனங்களிடம் நான் சோதித்துவிட்டேன், தைரியமாக ஏறுங்கள் என்று சொன்னவன், என் மகள் சோதித்திருப்பாள் என்று நினைக்கவில்லை. அவளிடம் அப்படியே ஒப்புக்கொண்டேன். வெட்கமாக இருந்தது. அவள் என் டம்ளரையும் சேர்த்துக் கழுவிவைத்தாள்.

இப்போது புதுச் சிக்கல். கட்டடத்தின் அதிர்வு பற்றிக் குழு எப்படியும் கேட்கும், அந்த நாற்பது நிமிடத்தைவிட நல்ல பதில் கிடையாது, ஆகவே அதையும் ஆய்வேட்டில் சேர்க்கச் சொல்லிவிட்டார் மேடம். லிப்டை யார், எப்போது, எப்படி நிறுத்தினார்கள் என்று பதினான்காம் தேதி நானே அறைக்குள் வந்து ஐந்து பேர் முன்னால் சொல்ல வேண்டுமாம். நோட்டையும் கொண்டுவர வேண்டுமாம். ஆகவே வர வேண்டாம் என்று மேலே எழுதியதை அடித்துவிடுங்கள். பதின்மூன்றாம் தேதிக்குள் வந்துவிடுங்கள். அவளுக்காக இல்லை, அவள் நிம்மதியாக இருக்கிறாள். அந்த அறையில் என் பக்கத்தில் உட்கார எனக்கு ஒரு ஆள் வேண்டும்.